உம்மா தந்த பாதிக் கிணறு

எங்கள் கிணற்றுக்கு நடுவால் ஒரு மதில் போகிறது. கல்முனைப் பக்கம் வந்து பார்க்காதவர்களுக்கு இதை நம்பவைப்பது கஷ்டம். உம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு வீடு கட்டுவதற்காக வளவைப் பிரித்தபோது கிணறு சரியாக எல்லையில் மாட்டிக்கொண்டது. உம்மா அதிகம் யோசிக்கவில்லை. மேசனைக் கூப்பிட்டு, கிணற்று வாய்க்குக் குறுக்கே கொங்கிறீட் பட்டி போட்டு, அதற்கு மேலாலேயே மதிலைக் கட்டுவித்தார். இந்தப் பக்கத்து அரைவட்டம் எனக்கு, அந்தப் பக்கத்து அரைவட்டம் தங்கச்சிக்கு. காணி உறுதியிலும் அப்படியே எழுதியிருக்கிறது: கிணற்றில் சரிபாதி.

அந்தப் பாதிக்காக நான் பிடித்த சண்டையைத்தான் எழுதப்போகிறேன். என்னை ஊரில் வாய்க்காரி என்பார்கள். சொல்லட்டும். என் மனிசன் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். இஞ்சே மகளும் நானும்தான். இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வாயும் இல்லாவிட்டால் எங்களை எப்போதோ மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

தண்ணீரைக் காசுக்கு விற்கலாம் என்று எங்கள் ஊருக்குக் காட்டித்தந்த முதல் ஆளை எனக்கு நல்ல ஞாபகம். சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிக்கொண்டு, மேற்கே வயலோரக் கிணறுகளில் நிரப்பி, கடற்கரைப் பக்கத்துத் தேநீர்க்கடைகளுக்குக் கொண்டுபோவார். கடற்கரையில் அப்போதே தண்ணீர் கொஞ்சம் சவர், உப்புக் கரிக்கும். ஒழுங்கை முனையில் நிற்கும் நாங்கள் அவரைக் கண்டால் சிரிப்போம். "காக்கா, காத்தையும் கேனுக்குள்ள அடைச்சிக் கொண்டாங்களேன்" என்று அந்த அண்ணனைக் கேட்டவள் நான்தான். அவர் கோபிக்கமாட்டார். "சிரிங்க சிரிங்க, ஒருநாளைக்கு நீங்களும் வாங்கத்தான் போறீங்க" என்பார். அந்த மனிசனுக்குக் கருநாக்கு.

பிறகு கடல் ஊருக்குள் வந்தது. அது எடுத்துக்கொண்டு போனவர்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியமில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கரையோரத்துக் கிணறெல்லாம் உப்பும் சேறுமாகிவிட்டது. வெளிநாட்டு உதவிக்காரர்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை கறுப்புத் தாங்கி வைத்தார்கள், பவுசர் லொறி தண்ணீர் கொண்டுவந்து நிரப்பியது. எங்கள் வளவு பெரிய றோட்டுக்கு மேற்கே என்பதால் கிணறு தப்பியது. உம்மா வளவு வாசல் கடப்பைப் பூட்டவேயில்லை. ஊர் முழுக்கக் குடத்தோடு வந்து அள்ளியது. கொஞ்சக் காலத்தில் உதவிக்காரர்கள் போய்விட்டார்கள். தாங்கிகள் காய்ந்து, பல்லிகள் குடியேறின. ஆனால் பவுசருக்குக் காத்திருக்கும் பழக்கம் சனத்திடம் நின்றுவிட்டது. எந்த ஒழுங்கையில் எத்தனை வீடு, எந்த வளவில் நல்ல தண்ணீர் என்பதெல்லாம் பவுசர் ஓட்டிய சாரதிகளுக்கு மனப்பாடம். எங்கள் ஊரின் தண்ணீர்க் கம்பனிகளைத் தொடங்கியவர்கள் பெரிய முதலாளிமார் இல்லை, அந்தச் சாரதிகள்தான். அவர்களில் ஒருவர் என் தங்கச்சியின் மாப்பிள்ளை. எனக்கு மச்சான்.

மச்சான் கெட்ட மனிசன் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு பழைய லொறி வாங்கி, அதன் முதுகில் தாங்கியை ஏற்றிக்கொண்டு மேற்கே போவார், நிரப்பிக்கொண்டு வருவார். ஊரும் அப்போது வளரத் தொடங்கியிருந்தது. மாடிக்கு மேல் மாடி, கல்யாண மண்டபம், டியூசன் வகுப்பு, தனியார் கிளினிக். வளவுகளைப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் நாலு எட்டு வைக்க இடமில்லாமல் போனது. கிணற்றுத் தண்ணீர் குடித்தால் நோய் வருத்தம் வரும் என்ற பயம் ஊருக்குள் புகுந்தது. பயம் வந்த இடத்துக்கு வியாபாரம் வராமல் இருக்குமா? ஒரு கம்பனி நாலாயிற்று. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் யாரும் கேனை விடவில்லை. குழாயில் மருந்து வாசம் வருகிறதாம்.

மேற்கே போய்வரும் டீசலைக் கணக்குப் பார்த்த மச்சானின் கண், ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் விழுந்தது. தங்கச்சியின் அரைவட்டத்தில் பெரிய மோட்டர் பூட்டினார். முதல் பவுசர் நிரம்பியபோது நானும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். குடும்பம் முன்னேறுகிறது என்ற சந்தோசம். அவர் பாதியில் அவர் அள்ளுகிறார், எனக்கென்ன என்று நினைத்தேன். மேலே மதில் கட்டியிருப்பதால் கீழே தண்ணீரும் இரண்டாகப் பிரிந்துதான் நிற்கிறது என்று நினைத்த மடச்சி நான். நான் மட்டும் இல்லை, எங்கள் ஊரில் பாதிக் கிணறு வைத்திருக்கும் அத்தனை பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

வியாபாரம் ஏறியது. தங்கச்சி வீட்டுக் கோழிக்கூடு இருந்த இடத்தில் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் பில்டர் மெசினோடு ஒரு கொட்டில் எழும்பியது. நீலக் கேன்கள் வந்தன. கேனில் ஒட்டிய படத்தில் பச்சை மலை, அதிலிருந்து விழும் அருவி. எங்கள் ஊரில் ஏறி நின்று பார்க்க ஒரு மண்மேடு கூடக் கிடையாது! "எந்த மலை மச்சான் இது, கோழிக்கூட்டு மலையா?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். கேன்கள் ஒலுவில் துறைமுகத்துப் படகுகளுக்குப் போயின. சீசன் காலத்தில் அறுகம்பே விடுதிகளுக்கும் போயின. வெள்ளைக்காரன் அலையில் விழுந்தெழும்பி எங்கள் உம்மாவின் கிணற்றைக் குடித்தான். உம்மா அப்போது மௌத்தாகிவிட்டார். இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாரோ, விளக்குமாற்றைத் தூக்கியிருப்பாரோ, எனக்குத் தெரியாது.

அந்த வருசம் கோடை நீண்டது. ஒருநாள் காலை, பஸ் நிலையத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் போன் எடுத்தார். "ராத்தா, இண்டைக்கு மாவுல உப்புக் கூடிட்டு. ஆக்கள் திருப்பித் தாறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருசம் இந்தக் கையால் உப்புப் போட்டு மா குழைக்கிறேன், ஒருநாளும் பிழைத்ததில்லை. மறுநாள் பாதி போட்டேன். மறுபடியும் போன். அதற்கடுத்த நாள் உப்பே போடவில்லை. அவித்த இடியப்பத்தில் ஒன்றைப் பிய்த்து வாயில் வைத்தேன். உப்பு இருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். அள்ளிக் குடித்த ஒரு மிடறிலேயே விளங்கிவிட்டது. தண்ணீர் சவராகிவிட்டது.

கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இது பாடப்புத்தகம் பார்த்துத் தெரியவேண்டிய விசயமில்லை. மணலுக்குள் மழைத் தண்ணீர் மேலே நிற்கும், உப்புத் தண்ணீர் அதற்குக் கீழே கிடக்கும். வாளியால் அள்ளும்வரை மேலே உள்ளது மேலேயே நிற்கும். மோட்டர் போட்டு நாள் முழுக்க உறிஞ்சினால் கீழே கிடப்பது எழும்பி வரும். வந்தால் இலேசில் திரும்பாது. அந்தக் கிணறுதான் என் அடுப்பு. நாளைக்கு என் மகளுக்கு எழுதிக் கொடுக்கப்போவதும் அதுதான். வேறு எனக்கு என்ன இருக்கிறது?

மச்சானிடம் போனேன். அவருக்கு இது புதினமாக இருக்கவில்லை. உப்பை எடுக்கும் இன்னும் பெரிய மெசினுக்கு அவர் ஏற்கனவே ஓடர் கொடுத்துவிட்டார்.

"மதினி, நான் என்ட பாதியிலதானே அள்ளுறன்" என்றார்.

"தண்ணிக்குள்ளயும் மதில் கட்டியா வச்சிரிக்கீங்க?"

"கோவப்படாதீங்க. ஒங்களுக்கு டெய்லி ரெண்டு கேன் சும்மா தாறன். மா குழைக்கப் போதும்தானே."

என் காது சுட்டது. என் உம்மாவின் கிணற்றை உறிஞ்சி, அருவிப் படம் ஒட்டி, எனக்கே பிச்சை போடுகிறார்! "அந்தக் கேன நீங்களே வச்சித் தலைக்குக் குளிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலையில் இரண்டு கேன் என் கடப்படியில் இருந்தது. உருட்டிக்கொண்டுபோய் அவருடைய லொறிச் சில்லுக்கு முன்னால் வைத்தேன். மறுநாளும் வந்தது. மறுநாளும் உருட்டினேன். ஒழுங்கைச் சனம் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தது.

பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார்மாரிடம் போனேன். தொழமுன் கைகால் கழுவி வுழூச் செய்யும் தொட்டிக்கு மச்சானின் பவுசர்தான் தண்ணீர் ஊற்றுகிறது, காசு வாங்காமல் ஸதகாவாக. ஆகவே அவர்கள் தாடியைத் தடவிக்கொண்டு, "இது குடும்பப் பிரச்சினை புள்ள, பொறுமையா ரெண்டு பக்கமும் பேசித் தீருங்க" என்றார்கள். ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். தனியார் வளவுக்குள் நடப்பதைத் தாங்கள் கேட்க முடியாது என்றார்கள். இன்னொரு கந்தோரைக் காட்டினார்கள். அங்கே போனால் முதல் கந்தோரைக் காட்டினார்கள். பஸ்ஸில் திரும்பும்போது வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த பொம்பிளை, "ஆரும் மௌத்தா ராத்தா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல!

கடைசியில் தங்கச்சியைப் பிடித்தேன். அவள் என்னைப் போல இல்லை. குரல் உயர்த்திக் கதைத்ததை நான் கேட்டதேயில்லை.

"ஊடு ஒன்ட. உறுதியில ஒன்ட பேருதான் இரிக்கி. நீ சொன்னா அவர் நிப்பாட்டத்தான் வேணும்" என்றேன்.

"ராத்தா, நான் என்னெண்டு சொல்ற? புள்ளைக்குக் கலியாணம் பேசி வந்திரிக்கி. இந்த நேரத்துல ஊட்டுக்குள்ள சண்டை எண்டா ஊர் என்ன சொல்லும்?"

அவள் மகளைப் பாலமுனையில் ஒரு இடத்தில் பேசியிருந்தார்கள். பொடியன் வாத்தியார். பிள்ளைக்கும் அவரில் விருப்பம் என்று எனக்குத் தெரியும். அவரின் போட்டோவைப் போனில் எனக்கு மூன்று தரம் காட்டியிருந்தாள். அடுத்த வெள்ளி, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வருகிறார்கள். எங்களில் பெண்ணைப் பார்ப்பதைவிட வீட்டைப் பார்ப்பதுதான் முக்கியம். அவர்கள் மகன் வாழ்நாள் முழுக்க இருக்கப்போகும் இடமல்லவா! அறைகளைப் பார்ப்பார்கள், குசினியைப் பார்ப்பார்கள், கடைசியாகக் கிணற்றடிக்கு வந்து ஒரு மிடறு தண்ணீர் கேட்பார்கள். தண்ணீர் நல்லதென்றால் வீடு நல்லது.

"வெள்ளிக்கிழமை மட்டும் நீ வாயத் தொறந்திடாத ராத்தா" என்று தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்ட காலுல விழுறன்."

"சரி, தொறக்கல்ல" என்றேன்.

வெள்ளி அசர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். நான் என் பக்கத்துக் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றேதான் அங்கே இருந்தேன், பொய் சொல்லமாட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது. மாப்பிள்ளையின் உம்மாவுக்குக் கனத்த குரல்.

"கெணத்துத் தண்ணி ஒரு மிடறு தாங்க மகள்."

கண்ணாடிச் சாடியிலிருந்து ஊற்றும் சத்தம் கேட்டது. மச்சான் கேனின் மூடியை உடைத்துச் சாடியில் நிரப்பி ஆயத்தமாக வைத்திருந்தார்.

"சாடித் தண்ணி வேணா மகள். அள்ளித் தாங்க."

"மாமி, இஞ்ச வாளி கயிறு ஒண்டும் இல்ல. எல்லாம் மோட்டர்தான்" என்றது மச்சானின் குரல்.

அந்தப் பொம்பிளை லேசுப்பட்ட ஆள் இல்லை. கிணற்றுக்குள் குனிந்து பார்த்திருக்கிறார். மதிலுக்குக் கீழால் என் வாளி தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது தெரிந்திருக்கிறது. "அங்கால வாளி இரிக்கே. அது ஆரு?"

தங்கச்சி சொன்னாள்: "என்ட ராத்தா."

"அப்ப அவங்களே ஒரு வாளி அள்ளித் தரட்டும்."

யா அல்லாஹ்! என் கையில் கயிறு இருந்தது. எனக்கு அந்தப் பிள்ளை வேறு, என் மகள் வேறு இல்லை. பிறந்த அன்று என் மடியில்தான் முதலில் கிடந்தாள். வாளி அறுந்து விழுந்துவிட்டது என்று ஒரு சொல் சொன்னால் போதும், கலியாணம் நடந்துவிடும். மாப்பிள்ளை வந்து இறங்குவார். முதல் நாள் காலையில் முகம் கழுவும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு காலம் பூராக அந்தப் பிள்ளைதான் பேச்சு வாங்குவாள், ஏமாற்றிக் கட்டிவைத்த வீட்டுக்காரி என்று. அதையும் நினைத்தேன். என் ஆத்திரத்தையும் நினைத்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். எது முந்தி எது பிந்தி என்று இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை. கயிற்றை இழுத்தேன். வாளியைத் தூக்கி மதிலுக்கு மேலால் நீட்டினேன். ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

அந்தப் பக்கம் யாரோ வாளியை வாங்கினார்கள். பிறகு துப்பும் ஒலி கேட்டது.

"சவராப் போயிட்டே மகள், இந்தக் கெணறு."

"அது கோடைக்கு இப்படித்தான் மாமி. எங்கட பில்டர் இரிக்கி, ஒரு குறையும்..." என்று மச்சான் தொடங்கினார்.

"என்ட மகனுக்கு ஊடு வேணும் தம்பி. பில்டர் வேணா."

அவர்கள் தேநீர் குடிக்காமல் போனார்கள். வான் புறப்பட்ட சத்தம் கேட்டதும் மச்சான் என் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினார். எரிச்சல்காரி, குடிகெடுத்தவள், மனிசன் பக்கத்தில் இல்லாததால் பித்துப் பிடித்தவள். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுமொழி கொடுக்க மதிலடிக்குப் போனேன். அதற்குள் மோட்டர் நின்றது. நாலு வருசமாகக் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. கல்லில் ஏறி எட்டிப் பார்த்தேன். தங்கச்சி வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள்.

"என்ன செய்றாய் நீ? நாளைக்கு மூணு மண்டபத்துக்குத் தண்ணி குடுக்க இரிக்கி!" என்றார் மச்சான்.

"இந்த ஊடு என்ட" என்றாள் தங்கச்சி. குரல் உயரவேயில்லை. "கெணத்துல பாதி என்ட உம்மா எனக்குத் தந்த. மத்தப் பாதி ராத்தாட. இதுல ஒங்கட பாதி எது எண்டு காட்டுங்க, நான் பூட்டித் தாறன்."

மச்சான் கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இத்தனை வருசமாக இந்த வாயை வைத்துக்கொண்டு இந்த ஒரு கதையை என்னால் கதைக்க முடியாமல் போயிற்றே!

கம்பனி மூடவில்லை. பில்டர் கொட்டிலைக் கழற்றிக்கொண்டுபோய் வேறொரு ஒழுங்கையில், வேறொருவரின் வளவில் போட்டிருக்கிறார். காலையில் போவார், பின்னேரம் தங்கச்சி வீட்டுக்குத் திரும்பி வருவார். என்னோடு கதைப்பதில்லை. போன மாதம் அந்த ஒழுங்கைப் பெண்கள் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் கிணற்றிலும் ருசி மாறுகிறதாம். செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு போனேன். தங்கச்சியும் வந்தாள். பவுசர் வந்து நிற்கும் இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அன்றைக்கு லொறி நிரப்பாமல் திரும்பியது. நாளைக்கும் போவோம். யார் வேண்டுமானாலும் என்னவும் சொல்லிக்கொள்ளட்டும்.

அந்தக் கலியாணம் குழம்பிவிட்டது. வாத்தியார் வேறிடத்தில் கட்டிவிட்டார். தங்கச்சியின் மகள் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதை நிறுத்தினாள். ஒரு பெருநாளைக்கும் என் வீட்டுப்படி மிதிக்கவில்லை. அது எனக்கு மச்சான் ஏசியதைவிட நோவு. நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. என்ன சொல்லிக் கேட்பது? திருப்பி அந்த வெள்ளிக்கிழமை வந்தால் திருப்பியும் அள்ளித்தான் கொடுப்பேன்.

இரண்டு மாரி பெய்து போனது. இந்த மாரி முடிந்த கிழமை, நான் மா அரித்துக்கொண்டிருந்தபோது அவள் என் குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கிளாஸ் தண்ணீர்.

"எங்கட பக்கத்தால அள்ளின. குடிச்சிப் பாருங்க பெரியம்மா."

மாக்கையோடு வாங்கிக் குடித்தேன். உப்பு முந்தின அளவுக்கு இல்லை. நாக்கின் அடியில் மட்டும் நின்றது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக ஒரு இடம் பேசி வருகிறார்கள் என்று தங்கச்சி சொல்லியிருந்தாள்.

"இன்னும் சவர்தான்டி" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கியது. நான் கிளாஸைக் கீழே வைக்கப் போனேன். அவள் என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தைத் தானே குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஓம், சவர்தான்" என்றாள். "வாறவங்களுக்கும் இதைத்தான் அள்ளிக் குடுக்கப் போறன்."